மடக்கு சைக்கிள்: எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில், அப்புறம் நம்ம ஊர்ப் பக்கம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு போய்விடலாம். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்குப் போவதற்காக மட்டும் மடக்கு சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸும் இல்லாமல் ஆட்டோவும் இல்லாமல் நிற்கிறவர் நீங்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். பெரிய நகரத்துக்கென்று விற்கிற சாமான் இது. விளம்பரத்தில் எல்லாம் கோட்டு போட்ட ஆள் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் சைக்கிளை மடக்கிக்கொண்டு நிற்பார். எனக்கு அது உழைத்ததெல்லாம் தேவகோட்டை ரஸ்தாவிலும் கோட்டையூரிலும்தான்.

என்னிடம் இருப்பது 20 அங்குலச் சக்கரம், 6 கியர், இரும்பு பிரேம், எடை 14 கிலோ. விலை 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலைக்கு வருகிற மடக்கு சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே சாடைதான்: பிரேம் நடுவில் ஒரு கீல், ஹேண்டில் தண்டில் ஒரு கீல், ஏற்றி இறக்கும் சீட், மடங்கும் பெடல். ஸ்டிக்கரைப் பார்த்து வாங்காமல் கீலைப் பார்த்து வாங்குங்கள், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

வாங்கின காரணம் எளிது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலிருந்தே கிளம்புகிறது, விடியும் முன்னால் ஏறினால் மதியத்துக்கு எழும்பூர், பிற்பகலில் சென்ட்ரலிலிருந்து லால்பாக் எக்ஸ்பிரஸ். நடுவில் இருக்கிற இரண்டு கிலோமீட்டருக்குத்தான் எத்தனை பேரம். ஆட்டோக்காரர் ஒரு தொகை சொல்வார், நாம் பாதி சொல்வோம், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வெயிலில் மூட்டையோடு அடுத்த ஆட்டோ. இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம் என்றுதான் சைக்கிள் யோசனை வந்தது.

ஒரே ஊரில் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள் ஏன் ஒட்டாமல் நிற்கின்றன என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இரண்டையும் கட்டியது ஒரே கம்பெனி இல்லை. 1873இல் வந்த சென்ட்ரல் மெட்ராஸ் ரயில்வேயுடையது, அகலப் பாதை. 1908இல் திறந்த எழும்பூர் சவுத் இந்தியன் ரயில்வேயுடையது, தெற்கே போன மீட்டர் கேஜ் பாதைக்கு அதுதான் வாசல். தண்டவாள அகலமே வேறு எனும்போது ஒரு வண்டி அங்கிருந்து இங்கே எப்படி வரும்? பயணிதான் குதிரை வண்டியிலோ ரிக்ஷாவிலோ மாறிப் போகவேண்டும். மீட்டர் கேஜ் போய், நம்ம திருச்சி – மானாமதுரை பாதையும் அகலமாகிவிட்டது, ஆனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாறுகிற வேலை மட்டும் நமக்கு அப்படியே மிச்சம்.

லண்டனிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். அங்கே தனித்தனிக் கம்பெனிகள் நகரத்தைச் சுற்றி பேடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், வாட்டர்லூ என்று ஆளுக்கொரு முனையத்தைக் கட்டின. நகர நடுவுக்குள் தண்டவாளம் நுழைய வேண்டாம் என்று 1846இல் ஒரு அரச ஆணையமே சொல்லிவிட்டது. ஒரு முனையத்தில் இறங்கி இன்னொரு முனையத்துக்கு ஊரைக் கடந்து போகவேண்டிய கட்டாயம் அங்கே ஏகப்பட்ட பேருக்கு உண்டு. 1970களின் நடுவில் ஆண்ட்ரூ ரிச்சி என்கிற பொறியாளர் அதே ஊரில் தன் குடியிருப்பில் உட்கார்ந்து பிராம்ப்டன் மடக்கு சைக்கிளை உருவாக்கினார், ஜன்னல் வழியே தெரிந்த தேவாலயத்தின் பெயரையே அதற்கு வைத்தார். மடக்கு சைக்கிளை இங்கிலாந்து ரயிலில் கூடவே கொண்டுபோவது சர்வசாதாரணம். ஆக, அந்த ஊருக்கு அது பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை. நம்ம ஊருக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

சரி, சாலைக்கு வருவோம். எழும்பூரில் காந்தி இர்வின் சாலைப் பக்கம் வெளியே வராதீர்கள், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வாருங்கள். அந்தப் பக்கம் வந்து சைக்கிளை விரித்தால் கிட்டத்தட்ட ஒரே நேர் ரோடு. 1821இல் கட்டின ஆண்ட்ரூஸ் தேவாலயம், பெரியமேடு, அப்புறம் இடது கைப்பக்கம் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை, அதை அடுத்து சென்ட்ரல். தூரம் ஒன்றுமே இல்லை. தொல்லை பஸ்தான். மாநகரப் பேருந்து வலது பக்கத்திலிருந்து நம்மைத் தாண்டி, தாண்டிய கையோடு நிறுத்தத்துக்காக இடது பக்கம் ஒடிப்பார். நமக்கு இருக்கிற ஒரே இடம் அந்த இடது ஓரம். 20 அங்குலச் சக்கரத்துக்கு ஒரு நல்ல குணம், நின்ற இடத்திலிருந்து சட்டென்று நகரும், சிக்னல் விழுந்ததும் பைக்குகளுக்கு முன்னால் ஒரு பத்தடி போய்விடலாம். கெட்ட குணம், சாக்கடை மூடி, ஒட்டுப் போட்ட தார், பள்ளம் எல்லாவற்றையும் மணிக்கட்டில் தெரியப்படுத்தும். பெரிய சக்கரம் ஏறி இறங்கிவிடுகிற பள்ளத்தில் இது விழுந்துதான் எழுந்திருக்கும்.

போகும்போது சென்ட்ரல் இடது பக்கமே வருவதால் நேராக உள்ளே நுழைந்துவிடலாம். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் திரும்புவதுதான் தலைவலி. அவ்வளவு அகலமான ரோட்டைக் கடந்தாக வேண்டும், சுரங்கப்பாதை வழி என்றால் 14 கிலோவைப் படிக்கட்டில் தூக்கவேண்டும். கையில் தூக்கும்போது 14 கிலோ என்பது கடையில் தூக்கிப் பார்த்த 14 கிலோ இல்லை.

இவ்வளவும் செய்து மிச்சமானது என்ன என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. எழும்பூர் மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிறுத்தமே சென்ட்ரல், ஏசி வேறு. மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் பார்க், இறங்கி எதிரே போனால் சென்ட்ரல், டிக்கெட்டுக்கு டீக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. அக்னி நட்சத்திர மதியத்தில் சைக்கிள் மிதித்து, சட்டை முதுகோடு ஒட்டி, அந்தக் கோலத்தில் லால்பாக்கில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளிக்கச் சுளிக்க உட்கார்ந்து போவதற்குப் பதில் மெட்ரோவே மேல். அதுவும் பெங்களூர் போகும்போது அம்மா கொடுத்தனுப்பும் தேன்குழல் டப்பா, மணகோலம் டப்பா எல்லாம் உண்டு. இந்தச் சைக்கிளில் கேரியர் இல்லை. தேன்குழலை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு மிதித்தால் மகள் கையில் பொடியாகத்தான் போய்ச் சேரும்.

சென்னையிலேயே ஒரு இடத்தில் சைக்கிள் ஜெயித்தது. லால்பாக்குக்கு நேரம் நிறைய இருந்த ஒரு நாள் சென்ட்ரலிலிருந்து ராயபுரம் ஸ்டேஷன் வரை போனேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை கிளம்பியது அங்கிருந்துதான், தூண் வைத்த அந்தப் பழைய கட்டடம் இன்னும் இருக்கிறது. வால்டாக்ஸ் ரோட்டில் பார்சல் லாரிகள் இரண்டு பக்கமும் சரக்கு இறக்கிக்கொண்டு நிற்க, கார் ஒரு அங்குலம் நகரவில்லை, பைக்கே திணறியது, இது மட்டும் மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் நழுவிக்கொண்டு போனது. வழி அடியோடு அடைத்துக்கொண்ட இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடைபாதையில் போய்விட்டேன். மூன்று நாலு கிலோமீட்டர், நேராக மெட்ரோ இல்லை, பஸ் நகரவில்லை: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் நகரத்தில் மடக்கு சைக்கிளுக்கு வேலை. எழும்பூரையும் சேர்த்து 1856, 1873, 1908 என்று மூன்று காலத்து ஸ்டேஷனையும் ஒரே மதியத்தில் மிதித்துப் பார்க்கலாம், ரயில் கிறுக்கு இருப்பவர்களுக்கு அது ஒரு சந்தோஷம். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

இப்போது முக்கியமான சங்கதி, ரயிலில் ஏற்ற விடுவார்களா. விதி இரண்டு பக்கமும் இழுக்கும். பயணிக்கு இலவச லக்கேஜ் உண்டு, ஸ்லீப்பரில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. எடையில் நமக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு அந்த இலவசம் கிடையாது, அவை லக்கேஜாக புக் ஆகி, சாமான் ஏற்றும் பெட்டியான பிரேக் வேனில் போகவேண்டியவை. பெட்டிக்குள் கொண்டுபோகும் டிரங்கு, சூட்கேஸுக்கு அளவும் உண்டு: 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. கனம். ஏசி மூன்றடுக்கிலும் சேர் காரிலும் இன்னும் சின்னது, 55, 45, 22.5. என் சைக்கிள் மடக்கினால் ஏறத்தாழ 80க்கு 65, கனம் 38. நீளத்தில் பாஸ், மற்ற இரண்டிலும் பெயில். சின்ன மடிப்புக்குப் பேர்போன பிராம்ப்டனே 27 செ.மீ. கனம், அதுவும் இந்த அளவுக்குள் அடங்காது. மடக்கு சைக்கிள் சைக்கிளா லக்கேஜா என்பதை அன்றைக்கு வருகிற டிக்கெட் பரிசோதகர்தான் முடிவு செய்கிறார்.

அவர் லக்கேஜ் என்று முடிவு செய்ய வழி ஒன்றுதான், பை. முழுதாக மூடுகிற, ஜிப் வைத்த, கறுப்புத் துணிப் பை. ஒரு தடவை பை இல்லாமல் வைத்திருந்தபோது "என்ன சார், சைக்கிளை உள்ள கொண்டாந்திருக்கீங்க?" என்றார் ஒருவர். "மடக்குறது சார், லக்கேஜ் மாதிரிதான்" என்றேன். "லக்கேஜ்னா பையில போட்டுக் கொண்டாங்க சார், பாக்குறவங்க எல்லாம் நாளைக்கு ஹீரோ சைக்கிளைத் தூக்கிட்டு வந்துடுவாங்க" என்றார். நியாயம்தான். பை வந்த பிறகு யாரும் கேட்பதில்லை. பக்கத்து சீட்டு ஆச்சிதான், "என்னப்பா இது, தையல் மிஷினா?" என்று கேட்டார். ஆமாம் ஆச்சி என்று சொல்லிவிட்டேன், விளக்கம் சொல்ல அரியலூர் வரை ஆகும்.

பல்லவனில் ஒரு வசதி, காரைக்குடியிலேயே கிளம்புகிற வண்டி என்பதால் முன்கூட்டி வந்து, கடைசி வரிசை சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடுக்கில் நிமிர்த்தி வைத்துவிடலாம். திருச்சியில் கூட்டம் ஏறிய பிறகு வந்தால் அந்த இடம் சூட்கேஸ்காரர்களுக்குப் போயிருக்கும். கதவோரம் வைக்காதீர்கள், இறங்குகிறவர்கள் காலில் இடிக்கும், திட்டும் நமக்குத்தான்.

இனி நம்ம ஊர். செட்டிநாட்டுப் பக்கம் ஸ்டேஷன் ஒரு இடம், ஊர் ஒரு இடம். தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனில் இறங்கினால் தேவகோட்டைக்கு இன்னும் 10 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. செட்டிநாடு ஸ்டேஷன் கானாடுகாத்தானுக்குப் பக்கம் என்றாலும், அரண்மனையைப் பார்க்கவந்த வெளியூர்க்காரர்கள் பிளாட்பாரத்தில் இறங்கி இடமும் வலமும் பார்த்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கோட்டையூரில் இறங்கினாலும் ஆட்டோ இருந்தால் அதிர்ஷ்டம். காரைக்குடி ஜங்ஷனில் மட்டும் வண்டி நிற்கும், ஆனால் இரவுப் பல்லவனில் வந்து இறங்கி செக்காலைப் பக்கம் போகவேண்டும் என்றால் அந்த நேரத்து வாடகை வேறு கணக்கு.

இங்கேதான் இந்த 20 அங்குலம் காசுக்கு உழைக்கிறது. செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கி, கானாடுகாத்தான் தெருக்களைச் சுற்றிவிட்டு, பள்ளத்தூர், கோட்டையூர் வழியாக காரைக்குடிக்கு வருவது எனக்குப் பிடித்த ஓட்டம். காலை வெயில் ஏறும் முன் கிளம்பிவிட வேண்டும். கானாடுகாத்தானுக்குள் தெருக்கள் கோடு போட்டது போல நேர், ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் அதே வீட்டின் பின்வாசல், சைக்கிளில் சுற்றும்போதுதான் ஒரு வீடு எவ்வளவு நீளம் என்பது உறைக்கும். கார் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, அவர்களுக்கு முகப்பு மட்டும்தான். தரை பெரும்பாலும் சமம், 6 கியரில் இரண்டுதான் எனக்கு வேலைக்கு ஆகிறது, மற்ற நாலும் சும்மா இருக்கின்றன. களைத்துவிட்டால் மடக்கி டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டால் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக்குள் வேறு மாதிரி. நூறடி ரோட்டில் ஓட்டலாம், இடம் இருக்கிறது. பெரியார் சிலைப் பக்கமும் கொப்புடையம்மன் கோயில் பக்கமும் மாலை நேரத்தில் நுழைந்தால் சென்னையே பரவாயில்லை என்று தோன்றும். அங்கே பஸ்ஸாவது ஒரு வரிசையில் வரும்.

குறைகள். முதல் குறை கீல். பிரேம் நடுக் கீலில் ஒரு கொக்கி, அதை இறுக்க ஒரு சின்ன நட். புதிதில் கச்சிதமாக இருந்தது, சில மாதத்தில் மிதிக்கும்போதெல்லாம் க்ரிச் க்ரிச் என்று சத்தம், ஹேண்டில் தண்டு முன்னும் பின்னும் லேசாக ஆடியது. விற்ற கடையில் கேட்டதற்கு "ஓட்ட ஓட்ட சரியாயிடும் சார்" என்றார்கள். சரியாகவில்லை, சரியாகவும் ஆகாது. கீல் ஆடினால் அது ஆபத்து, பழக்கம் இல்லை. கடைசியில் வழி சொன்னவர் எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர். மடக்கு சைக்கிளை அதற்கு முன் தொட்டதில்லை என்று அவரே சொன்னார், ஆனாலும் கீலைப் பிரித்து, மண்ணைத் துடைத்து, கிரீஸ் வைத்து, கொக்கியை மூடும்போது கை கொஞ்சம் அழுத்த வேண்டிய அளவுக்கு நட்டைத் திருகிக் கொடுத்தார். "அண்ணே, இதை மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கங்க, மத்ததெல்லாம் நம்ம சைக்கிள்தான்" என்றார். பின்சக்கரத்துக்குக் கோட்டமும் எடுத்துவிட்டார். கடையில் வாங்கும்போதே கொக்கியை மூடிவிட்டு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கீல் பக்கம் அசைவு தெரிந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டாவது குறை, செயின் கவர் இல்லை. வேட்டியோடு ஓட்டவே முடியாது. மடித்துக் கட்டினாலும் ஓரம் போய்ச் செயினில் சிக்கும், அப்புறம் கிரீஸ் கறை போகாது. மட்கார்டும் பேருக்குத்தான், மழையில் முதுகில் ஒரு சேற்றுக் கோடு நிச்சயம். ஸ்டாண்டு தனியாக வாங்கினேன். பெல் கொடுத்திருந்தார்கள், பிளாஸ்டிக், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அது எனக்கே கேட்கவில்லை. டபுள்ஸ் அடிக்க முடியாது, உர மூட்டை வைக்க முடியாது, சிலிண்டர் கட்ட முடியாது. இந்த வகையில் எல்லாம் அப்பா வைத்திருந்த பழைய ஹெர்குலிஸ் பக்கத்தில் இது நிற்கவே முடியாது. ஹெர்குலிஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது, அதையும் பி.எஸ்.ஏ.வையும் இந்தியாவில் செய்த டி.ஐ. சைக்கிள்ஸை 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் இதோ இந்தப் பள்ளத்தூர்தான். இங்கிலாந்து பி.எஸ்.ஏ. கம்பெனி இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய்களுக்கென்றே மடக்கு சைக்கிள் செய்திருக்கிறது. அவர்களுக்கும் செயின் கவர் கொடுத்திருக்கமாட்டார்கள், ஆனால் அவர்கள் வேட்டி கட்டவில்லை.

மடக்கும் வேகம்: பெட்டியில் 15 நொடி என்று போட்டிருக்கிறது. வெறும் மடிப்பு என்றால் கை பழகினால் கிட்டத்தட்ட வரும். பையைப் பிரித்து, பெடலை மடக்கி, சீட்டை இறக்கி, பைக்குள் நுழைத்து, ஜிப் இழுப்பதற்குள் மூன்று நாலு நிமிடம் ஆகிவிடும். வண்டி நகரும்போது செய்கிற வேலை இல்லை இது.

பிராம்ப்டன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மடிப்பு அபாரம், மறுப்பதற்கில்லை, ஆனால் விலை லட்சத்தைத் தாண்டிவிடும், அதன் 16 அங்குல டயரின் அளவு வேறு, நம்ம ஊர் குழந்தை சைக்கிள் டயர் அதற்குப் பொருந்தாது. காரைக்குடியில் பஞ்சரானால் ஒட்டலாம், டியூபே கிழிந்தால் வெளியூருக்கு ஆள் அனுப்பித்தான் வாங்கவேண்டும். 20 அங்குலத்தில் அந்தக் கவலை இல்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளுக்கும் இதே ரிம் அளவுதான் பெரும்பாலும், எந்தச் சைக்கிள் கடையிலும் 20க்கு 1.75 டியூப் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கும்போது மோட்டார் சைக்கிள் டியூபுக்கு இருக்கிற மாதிரி வால்வா என்று பார்த்து வாங்குங்கள், பெட்ரோல் பங்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம். சின்னச் சக்கரத்துக்குக் காற்று குறைந்தால் உடனே மிதி கனத்துவிடும், வாரம் ஒரு தடவை அடித்தே ஆகவேண்டும்.

மதிப்பெண் கேட்டால், சென்னையில் எழும்பூர் – சென்ட்ரலுக்கு ஐந்துக்கு ஒன்றரை, ராயபுரம் மாதிரி வழிக்கு மூன்று, நம்ம பக்கத்து ஸ்டேஷன்களுக்கு நாலு. அந்தக் குறைந்த ஒன்று கீலுக்கும் செயின் கவருக்கும். இரவு ஓட்டுவதாக இருந்தால் முன்னால் ஒரு நல்ல சார்ஜ் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், ரஸ்தாவிலிருந்து வருகிற ரோட்டில் எதிரே வரும் லாரிக்காரருக்கு நம்மைத் தெரியவேண்டும். பை தனியாகத்தான் விற்கிறார்கள், 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும், அதை மட்டும் மறக்காதீர்கள்.